மாமல்லபுரத்தில் பிள்ளைகளோடு ஒரு தேடல் விளையாட்டு

அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன்னால் நிறுத்திப் பல்லவர் வரலாறு சொல்ல ஆரம்பித்தால், வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஐந்து நிமிடம் கேட்பார்கள். "இந்தப் பாறையில் ஒரு பூனை இரண்டு காலில் நின்று தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் நகரமாட்டார்கள்.

இடத்தை வைத்து ஆடும் விளையாட்டுகள் இப்போது நிறைய உண்டு. போகிமான் கோ பிள்ளைகளை நடக்க வைக்கும், ஆனால் கண் திரையிலேயே இருக்கும். ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேஷிங் பரவாயில்லை. 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியதும் பிறந்த விளையாட்டு அது. ஜியோகேஷிங்கை நடத்தும் நிறுவனத்தின் அட்வென்சர் லேப் செயலி இன்னும் பொருத்தம்: குறித்த இடத்துக்குப் போனால்தான் கேள்வி திறக்கும், பதில் அங்கே கண்ணெதிரே இருக்கும். கிளம்பும் முன் நீங்கள் போகும் ஊர்களில் ஏதாவது இருக்கிறதா என்று செயலியில் பாருங்கள். இல்லாவிட்டாலும் சரி, நீங்களே செய்துவிடலாம். என்னைக் கேட்டால் அதுதான் மேல்.

கூகுள் மை மேப்ஸில் ஆறேழு இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள். நேரில் உற்றுப் பார்த்தால் மட்டுமே விடை கிடைக்க வேண்டும், இணையத்தில் தேடினால் கிடைக்கக்கூடாது. ஐந்து ரதங்களில் எதன் கூரை குடிசை போல இருக்கிறது? (திரௌபதி ரதம்.) கல் யானையின் பின்புறத்தையும் பக்கத்து ரதத்தின் பின்புறத்தையும் பார், என்ன ஒற்றுமை? கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது பசு என்ன செய்கிறது? கண்ணன் ஏன் மலையைத் தூக்கினான் என்ற கேள்வியைத் தாத்தா பாட்டிக்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுத்தான் விடை வாங்க வேண்டும். வந்த பிள்ளையையும் ஊரில் இருக்கும் சித்தப்பா, மாமா பிள்ளையையும் ஒரே அணியில் போடுங்கள். ஒருவர் வரைபடம் பார்க்க, ஒருவர் தமிழ்ப் பலகையை வாசிக்கட்டும். உறவு ஒட்டிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

காலையிலேயே தொடங்குங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட் என்பதால் அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். அர்ச்சுனன் தபசு இலவசம். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை இருந்தால் இந்தியர் கட்டணம்தான், அசல் அட்டையைக் கையில் வைத்திருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தாலும் அதே கட்டணம். சிக்னல் போனாலும் ஆட்டம் நிற்காதபடி கேள்விகளைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

இதைக் கட்டாயம் கவனியுங்கள்: மலையேற்றத்துக்கு வைத்திருக்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை (கார்மின் இன்ரீச் போன்றவை) இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். அனுமதியில்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள், கைதானவர்களும் உண்டு. சாதாரணக் கைபேசியே போதும். தொல்லியல் இடங்களில் எந்தப் பெட்டியையும் ஒளித்து வைக்காதீர்கள், சிற்பத்தின் மேல் ஏறச் சொல்லும் கேள்வியும் வேண்டாம். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை என்பதால் அங்கே தாளும் பென்சிலும்தான்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு நல்லூர் இதற்கென்றே அமைந்த இடம். சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரி மனை, யமுனா ஏரி எல்லாம் சைக்கிளில் சுற்றிவிடலாம். மந்திரி மனை மிகவும் பழுதடைந்த கட்டடம், அதற்கான கேள்வியை மட்டும் வீதியில் நின்றே விடை சொல்லும்படி எழுதுங்கள்.