கடலடி வண்டலிலிருந்து வெப்பமண்டலத்தின் பழைய காலநிலையைக் கண்டறிவது எப்படி?

ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோதும், வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு பல இடங்களில் இன்றைக்கு இருப்பதைவிட 2 முதல் 3 பாகை செல்சியஸ் மட்டுமே குளிர்ந்திருந்தது. அந்த வெப்பநிலையை, வண்டலில் புதைந்த நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளிலுள்ள மக்னீசியத்தின் அளவிலிருந்து கணிக்கிறோம். இத்தனை சிறிய மாற்றத்தைத் தேடுவதால், அந்த ஓடுகளைச் சுத்தம் செய்வதில் நேரும் சிறு கவனக்குறைவுகூட முடிவையே மாற்றிவிடும்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வண்டல் படியும் இடத்தில், புழுக்களும் பிற உயிர்களும் மேல் 10 சென்டிமீட்டரைக் கிளறிவிட்டால், 5,000 ஆண்டுகளின் பதிவு ஒன்றாகக் கலந்துவிடும். வெனிசுவேலாவை ஒட்டிய கரியாக்கோ படுகையின் ஆழ்நீரில் ஆக்சிஜன் இல்லாததால் கிளறும் உயிர்கள் இல்லை. மெல்லிய அடுக்குகள் கலையாமல் கிடைக்கின்றன. மிக ஆழமான இடங்களைத் தவிர்ப்பது நல்லது. அங்கே ஓடுகள் கரையத் தொடங்கும்போது மக்னீசியம் மிகுந்த பகுதிகளே முதலில் கரைவதால், கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றும்.

வண்டலை 63 மைக்ரான் சல்லடையில் நீர்விட்டுக் கழுவி உலர்த்தியபின், நுண்ணோக்கியின் கீழ், ஈரத் தூரிகை நுனியால் குளோபிஜெரினாய்டெஸ் ரூபர் என்னும் ஃபோரமினிஃபெராவின் (சுண்ணாம்பு ஓடுடைய ஒருசெல் கடலுயிர்) ஓடுகளைப் பொறுக்கி எடுங்கள். ஓடுகளின் பருமன் எல்லா மாதிரிகளிலும் ஒன்றாக இருக்கட்டும். 250 முதல் 355 மைக்ரான் வரை என்பது வழக்கமான தேர்வு.

வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் ஓட்டிலுள்ள மக்னீசியம்–கால்சியம் விகிதம் சுமார் 9 விழுக்காடு கூடும். களிமண்ணிலும் மக்னீசியம் உண்டு என்பதுதான் இதிலுள்ள பெரிய இடர். எனவே ஓடுகளை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மெல்ல அழுத்தி அறைகளைத் திறந்து, நீரிலும் மெத்தனாலிலும் மீயொலி அதிர்வில் பலமுறை கழுவி, கரிமப் பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடால் அகற்றுங்கள். அளவீட்டில் மக்னீசியத்தோடு அலுமினியமும் சேர்ந்து உயர்ந்தால் களிமண் எஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்த மாதிரியைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். ஆல்கெனோன் முறையை (கடல் நுண்பாசிகள் உருவாக்கும் கொழுப்புப் பொருளிலிருந்து வெப்பநிலையைக் கணிக்கும் முறை) நாடுவோர், ஏறத்தாழ 28 பாகைக்கு மேல் அதன் உணர்திறன் குன்றுவதை மறக்கக் கூடாது.

காலத்தைக் கணிக்க, சீராகச் சிதையும் கதிரியக்கக் கார்பனான ரேடியோகார்பன் ஏறக்குறைய 50,000 ஆண்டுகள் வரை உதவும். கடல்நீரின் கார்பன் காற்றிலுள்ளதைவிடப் பழையது என்பதால் அதற்குரிய திருத்தத்தைச் செய்தே ஆக வேண்டும்; வெப்பமண்டல மேற்பரப்பில் அது பெரும்பாலும் சில நூறு ஆண்டுகள்.

என் கருத்தில் வெப்பமண்டல ஆய்வின் உயிர்நாடி மழைதான். அதே இன ஓடுகளிலேயே ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தையும் (கனமான, இலேசான ஆக்சிஜன் அணுக்களின் விகிதம்) அளந்து, அதிலிருந்து வெப்பநிலையின் பங்கையும் துருவப் பனிப்படலங்களின் பங்கையும் கழித்தால், எஞ்சுவது பெரும்பாலும் மேற்பரப்பு நீரின் மழை–ஆவியாதல் சமநிலையையும் அதனோடு மாறும் உப்புத்தன்மையையும் காட்டும். இரு அளவீடுகளின் பிழைகளும் இந்தக் கழித்தலில் சேர்ந்துகொள்வதால், உப்புத்தன்மைக்குத் துல்லியமான எண் கூற முனையாமல், அது கூடியதா குறைந்ததா என்பதை மட்டும் வாசியுங்கள்.