டொமைன் எக்ஸ்டென்ஷன்: அதை நடத்துவது யார் என்று பார்க்காமல் வாங்காதீர்கள்

இணையதளத்துக்குப் பெயர் வைக்க நாள்கணக்கில் யோசிப்பவர்கள்கூட, புள்ளிக்குப் பின்னால் வருகிற பகுதியை, அதாவது எக்ஸ்டென்ஷனை, அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். டாட் காம் கிடைக்கவில்லையா, சரி, பட்டியலில் அடுத்து எது மலிவோ அது. சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் ஒரு நிறுவனமோ அரசோ நடத்துகிறது. டாட் காமை வெரிசைன் நடத்துகிறது. டாட் ஆப், டாட் டெவ் இரண்டும் கூகுள் கையில். அடிப்படை விலையும் விதியும் அவர்கள் வைப்பது. நாம் பணம் கட்டுகிற ரெஜிஸ்ட்ரார் இடையில் இருக்கும் விற்பனையாளர்தான்.

இது தெரியாததால் வருகிற பெரிய தவறு, இரண்டெழுத்து எக்ஸ்டென்ஷனை வெறும் ஸ்டைலாகப் பார்ப்பது. இரண்டே எழுத்தில் முடிகிற கிட்டத்தட்ட எல்லாமே நாடுகளுக்கோ ஆட்சிப்பகுதிகளுக்கோ உரியவை. டாட் ஏஐ, செயற்கை நுண்ணறிவுக்காகப் பிறந்ததல்ல. கரீபியனில் இருக்கும் அங்குவிலா தீவுக்கு உரியது. டாட் டிவி துவாலுவுக்கு, டாட் மீ மாண்டெனெக்ரோவுக்கு, டாட் கோ கொலம்பியாவுக்கு. வெளியார் வாங்கலாம், தவறில்லை. ஆனால் வாங்கிய பிறகு அந்த நாட்டின் விதி உங்களுக்கும் பொருந்தும். 2010-இல் லிபியாவின் டாட் எல்ஒய்யில் இயங்கிய ஒரு இணைப்புச் சுருக்கச் சேவையின் பெயரை, லிபிய இஸ்லாமியச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லிப் பறித்துக்கொண்டார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, அங்கே இருந்தவர்களில் பலர் ஒன்றியத்தின் டாட் இயூ முகவரி வைத்துக்கொள்ளும் தகுதியையே இழந்தார்கள். அவர்கள் விதி எதையும் மீறவில்லை; நாட்டின் நிலை மாறியது, அவ்வளவுதான்.

நாடே இல்லாமல் போனால்? யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-இல் நீக்கப்பட்டது. டாட் ஐஓவைச் சுற்றி இப்போது பேச்சு எழுவதும் இதனால்தான். அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதியின் குறியீடு. அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குக் கொடுக்கப்போவதாக 2024-இல் பிரிட்டன் அறிவித்தது. நாளைக்கே மூடிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் பல வருடங்களுக்கு நிற்க வேண்டிய தளத்தைப் புதிதாக அதில் தொடங்குவது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை.

அடுத்தது விலை. விளம்பரத்தில் தெரிவது முதல் வருட விலை. நீங்கள் வருடா வருடம் கட்டப்போவது ரினியூவல், அதாவது புதுப்பிக்கும் விலை. புதிய எக்ஸ்டென்ஷன்கள் பலவற்றில் இரண்டுக்கும் நடுவே பல மடங்கு வித்தியாசம் இருக்கும். 'பிரீமியம்', அதாவது கூடுதல் விலை என்று குறிக்கப்பட்ட பெயர் என்றால் ரினியூவலும் பிரீமியமாக இருக்கலாம். ரெஜிஸ்ட்ராரிடம் வெரிசைன் வாங்கும் டாட் காமின் மொத்த விற்பனை விலை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு ஒப்பந்தத்திலேயே வரம்பு உண்டு. புதிய பொது எக்ஸ்டென்ஷன்களுக்குப் பொதுவாக அப்படி வரம்பு கிடையாது. விலை ஏறப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே மொத்தமாகப் பத்து வருடம் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இலவசம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். டாட் டிகே, டாட் எம்எல் போன்றவற்றை ஃப்ரீனாம் என்ற நிறுவனம் வருடக்கணக்கில் சும்மா கொடுத்தது. மோசடிக்காரர்கள் அங்கே குவிந்தார்கள். ஃப்ரீனாம் மீது மெட்டா வழக்குத் தொடுத்தது. 2023-இல் புதிய பதிவுகள் நின்றன. அக்கம்பக்கம் அப்படி இருந்தால் ஒழுங்காகத் தளம் நடத்துகிறவருக்கும் பாதிப்புதான்: அனுப்பும் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம்.

எக்ஸ்டென்ஷனில் தொழிலின் பெயர் இருந்தால் கூகுள் தேடலில் மேலே வரும் என்பதை நம்பாதீர்கள். அப்படி இல்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. நாட்டுக் குறியீடு மட்டும் விதிவிலக்கு; அந்த நாட்டுத் தேடலில் அதற்குக் கொஞ்சம் பலன் உண்டு. அதற்கு நேர்மாறாக, உலகம் முழுக்க வாசகர் வேண்டும் என்றால் அது தடையாகவும் ஆகலாம். அப்புறம், டாட் ஆப், டாட் டெவ் வாங்கினால் ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் இல்லாமல் பிரவுசரில் தளம் திறக்காது. தெரியாமல் வாங்கிவிட்டுத் தளம் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

வாயால் சொல்லிப் பார்ப்பதும் முக்கியம். 'டாட் கோ' என்று தொலைபேசியில் சொன்னால், கேட்பவர் கை தானாக டாட் காம் என்று எழுதும். அந்த டாட் காம் வேறொருவரிடம் இருந்தால் உங்கள் கடிதங்கள் அவருக்குப் போகும். அமெரிக்க ராணுவத்தின் எக்ஸ்டென்ஷன் டாட் மில். அதில் ஒரு எழுத்து விடுபட்டதால், ராணுவத்துக்கு எழுதிய ஏராளமான மின்னஞ்சல்கள் மாலி நாட்டின் டாட் எம்எல்லுக்குப் போனது 2023-இல் செய்தியானது. இதற்குப் பயந்து இருக்கிற எல்லா எக்ஸ்டென்ஷனையும் வாங்கிக் குவிப்பது வீண் செலவு. உங்கள் பெயரோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ள ஒன்றிரண்டு போதும்.

பிறகு ஒருநாள் வேறு எக்ஸ்டென்ஷனுக்கு மாறினால், பழையதைக் காலாவதியாக விட்டுவிடாதீர்கள். அதை எடுக்கிறவர் அந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களைப் பெறலாம். அதை வைத்து நீங்கள் மறந்துபோன கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றலாம். பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் நிரந்தரத் திருப்பம் போட்டு, பழையதையும் தொடர்ந்து புதுப்பித்து வாருங்கள்.