இடுப்புக் கயிறா? சுற்றிப் பார்த்து வெட்டுங்கள்

ஏற்காட்டில் சில்வர் ஓக் மரமேறி, அதில் படர்ந்த கொடியில் மிளகு பறிக்க இடுப்புக் கயிறு வெட்டுகிறீர்களா? டேப் வேண்டாம். இடுப்பில் இரண்டு சுற்று, அடிமரத்தில் ஒரு சுற்று, உடலுக்கும் மரத்துக்கும் நடுவே கை மடங்க இடம் விட்டு, மேற்கொண்டு மூன்று முழம் சேர்த்து வெட்டுங்கள். விரல் பருமன் கயிற்றில் ஒரு முடிச்சே ஏறக்குறைய ஒரு முழத்தை விழுங்கிவிடும்; இரண்டு முடிச்சு போக மிச்சம் வால், அதாவது முடிச்சுக்கு வெளியே நீளும் நுனி. அடியில் அளந்தால் போதும், மேலே போகப் போக மரம் சிறுக்கும். காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் போடுபவர் அதோடே அளக்கவும், நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

தடித்த கயிறு என்றால் இன்னும் ஒரு முழம். இந்தக் கயிறு சாய்ந்து நின்று பறிக்க மட்டும்தான். வழுக்கினால் இடுப்புக் கயிறு விலாவையும் முதுகையும் நொறுக்கிவிடும். உயரத்துக்கு முழு உடல் பெல்ட்தான் சரி.