காத்தாடிக்கு நிலம் கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு ஏக்கர் நிலம் சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். இப்போது வரும் பெரிய காற்றாலைக் காத்தாடிகளில் இறக்கை சுற்றும் வட்டத்தின் விட்டம் 120 மீட்டர் என்பது சாதாரணம். தூணை ஏக்கரின் நட்டநடுவில் நிறுத்தினாலும் 32 மீட்டரில் எல்லைக்கல் வந்துவிடும். இறக்கை 60 மீட்டர் போகும். மிச்சம் 28 மீட்டர் சுற்றுவது பக்கத்துப் புஞ்சைக்காரர் தலைக்கு மேல்.

முதல் தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. "கம்பெனி வாங்கினது அடுத்த காடு, நமக்கென்ன" என்று இருந்துவிடுகிறோம். ஆரல்வாய்மொழி, ராதாபுரம், கயத்தாறு, பல்லடம், உடுமலை என்று கணவாய்க் காற்று வீசும் பக்கமெல்லாம் இதே கதைதான். உங்கள் நிலத்துக்கு மேலே இறக்கை வருகிறதா என்பதைப் புல வரைபடத்தில் அளவுகோல் வைத்து நீங்களே பார்த்துவிடலாம். வருகிறது என்றால் கம்பெனி உங்களிடமும் எழுதி வாங்கியாக வேண்டும், அதற்கு ஒரு விலையும் உண்டு. வேலை தொடங்கிய பிறகு கேட்டால் அந்த விலை கிடைக்காது.

இதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு காத்தாடிகளுக்கு நடுவே காற்றடிக்கும் திசையில் விட்டத்தைப் போல 7 மடங்கும், குறுக்கே 5 மடங்கும் இடைவெளி வேண்டும் என்பது தமிழ்நாட்டில் வெகுகாலமாக இருந்துவரும் கணக்கு. 120 மீட்டர் விட்டத்துக்கு அது 840 மீட்டர், 600 மீட்டர். அடுத்த காட்டில் ஒன்று எழும்பிவிட்டால் உங்கள் நிலத்தில் 'லொகேஷன்', அதாவது காத்தாடி நிறுத்த இடம், கிடைப்பது கிட்டத்தட்ட முடிந்த கதை. இன்னும் நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்தவர்கள் பலருக்கு இது புரோக்கர் வருவது நின்ற பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கான தூரம் தனிக் கணக்கு. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சத்தத்தைக் கருதி, குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காத்தாடி வைக்கக் கூடாது. சாலை, ரயில் பாதை, கட்டடம், உயர் அழுத்த மின்பாதை ஆகியவற்றுக்குத் தூணின் உயரம், விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தூண் 120 மீட்டர், விட்டம் 120 மீட்டர் என்றால் 185 மீட்டர். ஆனால் தோட்டத்து வீட்டுக்கு வரி ரசீதும் மின் இணைப்பும் இல்லையென்றால், அது வீடே இல்லை, மோட்டார் ரூம் என்று சொல்லிவிடுவார்கள். ரசீதை முன்னாலேயே போட்டு வையுங்கள்.

"எப்படியும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம்" என்று இருப்பதும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப் பட்டியலில் காற்றாலை இல்லை. அதன்படி நடக்கும் கூட்டமும் இதற்குக் கிடையாது. அரசு விதிகள் எல்லாம் கம்பெனியைப் பார்த்து எழுதப்பட்டவை. நிலக்காரருக்கு மிஞ்சுவது அவர் கையெழுத்துப் போடும் பத்திரம் மட்டும்தான்.

அந்தப் பத்திரத்தைத்தான் நாம் படிப்பதில்லை. எங்கள் பெரியப்பா கயத்தாறு பக்கம் கரிசலில் ஒரு கம்பெனிக்குப் பாதை விட்டார். பத்திரத்தில் "வண்டிப்பாதை உபயோகம்" என்று ஒரே வரி, அகலம் எழுதவில்லை. மாட்டுவண்டிப் பாதைதானே என்று அவர் நினைத்தார். இறக்கை ஏற்றிய டிரெய்லரும் கிரேனும் வந்தபோது சரளை கொட்டி 30 அடிக்கு மேல் விரித்தார்கள். திருப்பத்தில் வரப்போரம் இருந்த ஓடையும் மூடிப்போனது. ஐப்பசியில் தண்ணீர் வடியாமல் அரை ஏக்கர் உளுந்து அழுகியது. நேரில் போய்க் கேட்டதற்கு, பத்திரத்தில் அகலம் போடவில்லையே என்றார்கள். அது உண்மைதான். அகலம் இத்தனை அடி, ஓடை குறுக்கிடும் இடத்தில் குழாய் பதிக்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பத்தில் கொட்டிய சரளையை அள்ள வேண்டும் என்று மூன்று வரி இருந்திருந்தால் போதும்.

உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் 'பவர்' பத்திரத்தைப் புரோக்கருக்கு எழுதிக் கொடுப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, கொடுக்காதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வெறும் முத்திரைத்தாளில் முடித்தால் பின்னால் கோர்ட்டில் அது நிற்காது. கூட்டுப் பட்டாவை முதலில் உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். நிலம் பஞ்சமியா (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது), பூதானமா (ஏழைகளுக்குத் தானமாக வந்தது), அரசு ஒப்படையா (அரசு நிபந்தனையோடு கொடுத்தது) என்று பழைய பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் விற்பனை பிறகு செல்லாமல் போகலாம். குத்தகைப் பணம் விவசாய வருமானம் ஆகாது, வருமான வரிக் கணக்கில் அதைக் காட்ட வேண்டும்.

மின்கம்பி விஷயத்தில் அரைகுறைச் செய்தியை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும் கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதமும் இழப்பீடு என்று மத்திய மின் அமைச்சகம் 2024 ஜூனில் சொன்னது நிஜம். ஆனால் அது 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள பாதைகளுக்கு. காத்தாடியிலிருந்து துணைமின் நிலையத்துக்குப் போகும் கம்பி பெரும்பாலும் 33 கிலோவோல்ட் அல்லது அதற்கும் கீழ். அதற்கு நீங்கள் பேசி வாங்கும் தொகைதான். "கவர்மெண்ட் லைன், தடுக்க முடியாது" என்று யாராவது சொன்னால், பிறர் நிலத்தில் கம்பி இழுக்க அதிகாரம் தரும் ஆணை மின்சாரச் சட்டம் 2003-இன் 164-ஆம் பிரிவின்கீழ் இருக்கிறதா என்று நகலைக் கேளுங்கள். ஆணை இருந்தால் உங்கள் மறுப்பைத் தாண்டக் கலெக்டருக்கு வழி உண்டு. இழப்பீடு போதவில்லை என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இனி வரப்போகும் தகராறுகள் பழைய காத்தாடிகளால்தான். தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986-இல் தொடங்கியது தமிழ்நாட்டின் காற்றாலைக் கதை. தொண்ணூறுகளில் நட்டதெல்லாம் இன்று கிழம். பழையதைப் பிடுங்கிப் பெரியது வைக்கவும், ஆயுளை நீட்டிக்கவும் தமிழக அரசு 2024-இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. 250 கிலோவாட் காத்தாடிக்கு அப்பா போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு 3 மெகாவாட் நிறுத்த வருகிறார்களா என்று பாருங்கள். பத்திரத்தில் "காற்றாலை அமைக்க" என்று மட்டும் இருந்தால் தகராறு வரும். எத்தனை கிலோவாட், எத்தனை மீட்டர் விட்டம், மாற்றினால் புது ஒப்பந்தம் என்று எழுதியிருந்தால் உங்கள் பேச்சு எடுபடும். அதோடு, கழற்றும்போது அடித்தளக் கான்கிரீட்டை எத்தனை அடி ஆழம் வரை, யார் செலவில் தோண்டி எடுப்பது என்றும் இருக்க வேண்டும். இரும்புத் தூணை இரும்புக்கடைக்காரர் வாங்கிக்கொள்வார், கண்ணாடியிழை இறக்கைக்கும் கான்கிரீட்டுக்கும் ஆள் வராது.