பளபளப்புக்காக அல்ல, விரலுக்காக: லாக் பிக் கருவிகளைத் தேய்த்து மெருகேற்றும் முறை

சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பழக உதவும் மெல்லிய எஃகுக் கருவிதான் லாக் பிக், சுருக்கமாகப் பிக். நான் முதலில் வாங்கிய பிக் செட் ஆன்லைனில் வந்த மலிவுச் செட். பார்க்க நன்றாகத்தான் மின்னியது. ஒரு மாதம் அதை வைத்துக்கொண்டு பழைய பித்தளைப் பூட்டு ஒன்றோடு மல்லுக்கட்டினேன். உள்ளே ஏதோ உரசும், ஏதோ நகரும். எது பின் (சாவி தூக்கிவிடும் குட்டி உலோகக் குச்சி), எது சாவித்துளையின் சுவர் என்று மட்டும் விரலுக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் வெறுத்துப்போய்ப் பூட்டைத் தரையில் தட்டினேன். துளையிலிருந்து மஞ்சள் பொடி கொட்டியது. பித்தளைத் தூள். ஒரு மாதமாக அந்தப் பூட்டை அராவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் தாய்மாமா பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் பாலீஷ் போடுகிறவர். வீட்டுக்கு வந்தவர் அந்தப் பிக்கை வாங்கி, விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். "மெஷின்ல வெட்டின கல்லு மாதிரியே இருக்கு மாப்ளே. வெட்டினவன் அப்படியே குடுத்துட்டான், தேய்க்கவே இல்ல" என்றார். பூட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கோளாறு எங்கே என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கீழே எழுதியிருப்பதில் பாதி அவரிடம் கற்றது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விஷயம். உங்களுக்குச் சொந்தமான பூட்டில் மட்டும் பழகுங்கள். அதிலும் தினமும் பயன்படுத்தும் வாசல் பூட்டு, பீரோ பூட்டு வேண்டாம். பழைய இரும்புக்கடையில் சாவியோடு கிடைக்கும் பூட்டுகள் போதும். பிக் செட்டைப் பையில் போட்டுக்கொண்டு ராத்திரியில் ஊர் சுற்றாதீர்கள். ரோந்து வரும் போலீஸ்காரரிடம் இது பொழுதுபோக்கு என்று விளக்குவது, ஆறு பின் பூட்டைத் திறப்பதைவிடக் கஷ்டம்.

ஏன் தேய்க்க வேண்டும்?

நாம் பழகுவது பின் டம்ளர் பூட்டில். டம்ளர் என்றதும் காபி டம்ளர் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர் 1860களில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. உள்ளே ஓர் உருளை, அதன்மேல் வரிசையாக ஐந்தாறு ஜோடிப் பின்கள், ஒவ்வொரு ஜோடியின் தலையிலும் ஒரு சின்ன ஸ்பிரிங். சரியான சாவி போட்டால் எல்லா ஜோடிகளின் பிளவும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும். நாம் அதையே ஒவ்வொரு பின்னாகச் செய்கிறோம். சாவித்துளையில் செருகும் வளைந்த பட்டையான டென்ஷன் ரெஞ்ச் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்திருக்கும். பிக் ஒவ்வொரு பின்னையும் தூக்கும். பின் சரியான இடத்தில் உட்காரும்போது விரலுக்கு வருவது மிகச் சின்ன ஒரு 'டிக்'. பிக்கின் விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் அது சுவரில் உரசும்போதெல்லாம் இதே மாதிரி பத்து 'டிக்' வரும். எது நிஜம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

திண்டுக்கல் பூட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பூட்டுகள் பெரும்பாலும் பின்னுக்குப் பதில் தட்டையான தகடுகள் வைத்த லீவர் வகை. அவற்றுக்கு இந்தப் பிக் உதவாது.

வாங்க வேண்டியவை

பெயின்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேளுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாள். மரத்துக்குத் தேய்க்கும் மஞ்சள் உப்புத்தாளை வாங்கிவிடாதீர்கள், அது தண்ணீர் பட்டால் கூழாகிவிடும். 400, 600, 1000, 2000 ஆகிய நான்கு எண்களில் ஒவ்வொரு தாள். எண் ஏற ஏறப் பொடி நைசாகும்: 400இல் ஒரு துகள் சுமார் 35 மைக்ரான், 1000இல் 18, 2000இல் 10.

ஹார்டுவேர் கடையில் ஓர் ஊசி அரம் செட். வீட்டிலிருந்து ஐஸ் குச்சிகள், பழைய பல் பிரஷ், கொஞ்சம் பஞ்சு, ஒரு மார்க்கர் பேனா. கடைசி மெருகுக்கு, பித்தளை விளக்குத் துலக்க வாங்கிய பிராசோ வீட்டில் இருந்தால் போதும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. ஏதாவதொரு கிரானைட் பட்டறையில் கேட்டால் உள்ளங்கை அகலத்துக்குப் பாலீஷ் போட்ட வெட்டுத்துண்டு தருவார்கள்; வாசலில் குவிந்து கிடக்கும். இவ்வளவு சமமான தளம் மேஜையிலோ பலகையிலோ கிடைக்காது. தாளை நனைத்து அதன்மேல் போட்டால் அப்படியே ஒட்டி நிற்கும்.

பிசிறு எங்கே?

தகட்டை அச்சில் வைத்து அடித்து வெட்டிய பிக் என்றால், ஒரு பக்க விளிம்பு லேசாக உருண்டிருக்கும், எதிர்ப்பக்கத்தில் பிசிறு நிற்கும். லேசரில் வெட்டியது என்றால் விளிம்பின் முகத்தில் மெல்லிய வரிவரியான கோடுகள் இருக்கும், அடிப்பக்கத்தில் உருகிய உலோகம் சின்னச் சின்ன மணியாக ஒட்டியிருக்கும். இரண்டையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். பஞ்சைப் பிக்கின் மேல் பிடித்து முனைவரை இழுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் நார் மாட்டிக்கொண்டு நிற்கும். அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலைத் துண்டு இதற்கு இன்னும் நல்லது, ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள்.

பிறகு விளிம்பு முழுவதும் மார்க்கரால் கறுப்பு பூசிவிடுங்கள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு போகும். எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே தாள் இன்னும் படவில்லை. பூட்டுக்குள் போகும் முனைப்பக்கம் மூன்று சென்டிமீட்டரும் கழுத்தும்தான் முக்கியம். கைப்பிடியை உங்கள் உள்ளங்கைக்கு உறுத்தாத அளவுக்குத் தேய்த்தால் போதும்.

அரம்: கொஞ்சமே கொஞ்சம்

துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை மட்டும் ஊசி அரத்தால் எடுங்கள். முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஐந்தாறு தள்ளலுக்கு மேல் ஓர் இடத்தில் தேவைப்படாது. பிக்கின் தடிமனே 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர்தான். என்னிடம் முக்கோண முனை கொண்ட பிக் ஒன்று இருந்தது. அழகாக வரட்டும் என்று அரத்தால் தேய்த்துக்கொண்டே போய், கடைசியில் அது நெல்மணி மாதிரி ஆகிவிட்டது. பின்னைத் தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும். உருவத்தை மாற்றுவது வேறு வேலை, அதில் இப்போது இறங்காதீர்கள்.

தாள்: முக்கால்வாசி வேலை இங்கேதான்

முதலில் தட்டையான இரு பக்கங்கள். 400 தாளைக் கிரானைட் துண்டின் மேல் நனைத்துப் போடுங்கள், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள். பிக்கைப் படுக்கவைத்து இரண்டு விரலால் அமுக்கி, கைப்பிடியிலிருந்து முனை நோக்கி நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்க்கக் கூடாது. இதற்குக் காரணங்கள் இரண்டு. பிக் பூட்டுக்குள் நீளவாக்கில் போய் வருகிறது, கோடும் அதே போக்கில் இருந்தால் உரசல் குறைவு. இன்னொன்று இதைவிட முக்கியம்: மெல்லிய எஃகு வளையும்போது குறுக்குக் கீறலில்தான் விரிசல் தொடங்கும். உடைந்த முனை பூட்டுக்குள் சிக்கினால் அதை எடுப்பது தனிப் பாடு.

அடுத்து விளிம்புகள். தாளை ஐஸ் குச்சியில் சுற்றி விளிம்பின் மேல் ஓட்டுங்கள். கூர்மையான மூலையை 45 டிகிரி சாய்வில் நாலைந்து முறை தடவினால் அது மழுங்கிவிடும். முனை கொக்கியாக வளைந்த ஹூக் வகைப் பிக்கின் வளைவுக்குள் குச்சி நுழையாது. அங்கே தாளை அரை சென்டிமீட்டர் அகல நாடாவாக வெட்டி, குளித்துவிட்டு முதுகில் துண்டைப் போட்டு இரு பக்கமும் இழுப்போமே, அப்படி இழுங்கள். இப்படிச் செய்தால் குறுக்குக் கோடு விழும். அதனால் ஒவ்வொரு எண்ணிலும் கடைசி நாலு தேய்ப்பு நீளவாக்கில் இருக்கட்டும். அலையலையாக இருக்கும் ரேக் வகைக்கு இடுக்குகளில் தீக்குச்சியில் சுற்றிய தாள். இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதல் பிக்காக ரேக்கை எடுக்காமல் ஹூக்கை எடுங்கள்.

400 முடிந்தது என்று எப்படித் தெரியும்? வெட்டுக் கோடு எதுவும் இல்லாமல் பரப்பு முழுவதும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். பிறகு 600. இப்போது 400 போட்ட கோடு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பிறகு 1000. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள், நானும் பட்டேன். 400 முடித்த கையோடு 2000க்குத் தாவினேன். பிக் பளபளத்தது. வெயிலில் திருப்பிப் பார்த்தால் பளபளப்புக்கு அடியில் 400 போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. மாமாவிடம் காட்டியதும் சிரித்தார். "நம்பரைத் தாண்டினா கோடு நிக்கும்டா. கல்லுலயும் இதே கதைதான், ஏற்றின பிறகு திருப்பி இறக்கித்தான் ஆகணும்." 600இலிருந்து மறுபடி தொடங்கினேன்.

பட்டறையில் கவனித்த இன்னொன்று: ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் கல்லைத் தண்ணீர் அடித்து முழுசாகக் கழுவிவிடுவார்கள். பழைய சொரசொரப்புத் துகள் ஒன்று தங்கினாலும் நைசுத் தாளுக்கு அடியில் மாட்டிக்கொண்டு நீளமாக ஒரு கீறல் போடும். அதனால் எண் மாற்றும்போதெல்லாம் பிக், கிரானைட் துண்டு, உங்கள் விரல் மூன்றையும் கழுவுங்கள். தண்ணீரையும் மாற்றுங்கள்.

1000இல் நிறுத்தினாலே பூட்டு திறக்கப் போதுமானது. அதற்குமேல் போவது ஆசைக்கு. எனக்கு ஆசை உண்டு, 2000 வரை போவேன்.

பிராசோ

பாட்டிலை நன்றாகக் குலுக்கி, துணியில் ஒரு சொட்டு விட்டுப் பிக்கைத் துணிக்குள் மடித்துப் பிடித்து நீளவாக்கில் உருவுங்கள். துணி கறுப்பாகும். அதுதான் எடுபடும் உலோகம். ஐந்து நிமிஷம் போதும். ரேக்கின் இடுக்குக்குத் தையல் நூலில் பிராசோ தடவி இழுத்தால் வேலை சுலபம். முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் பல் பிரஷ் போட்டுக் கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்டால் காய்ந்து வெள்ளைப் பொடியாகும், பூட்டுக்குள் போய்ப் பின் துளைகளில் அடைத்துக்கொள்ளும்.

மெஷின் இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்

கையில் பிடிக்கும் கிரைண்டரோ துணியால் ஆன பஃப் சக்கரமோ இருந்தால் கை அரிக்கும்தான். என் நண்பரின் லேத் பட்டறையில் ஆக்சா பிளேடில் செய்த பிக் ஒன்றை அப்படிச் சக்கரத்தில் பிடித்தேன். முனை நிறம் மாறி நீலமானது. அன்று சாயங்காலமே முதல் பின்னிலேயே வளைந்துபோனது. சாதாரண கார்பன் எஃகு சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும், 300ஐ ஒட்டி நீலமாகும். நீலம் வந்தால் பதம் (கடினம்) இறங்கிவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு மெல்லிய முனைக்கு அந்தச் சூடு ஏற இரண்டு மூன்று விநாடி போதும். மெஷின்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, தொட்டு எடுத்து, தொட்டு எடுத்துச் செய்யுங்கள். விரலால் பிடிக்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள்.

பஃப் சக்கரத்தில் முனை எப்போதும் சக்கரம் ஓடும் திசையையே பார்க்க வேண்டும். எதிர்த்துப் பிடித்தால் சக்கரம் முனையைக் கவ்விப் பிடுங்கி எறியும். கண்ணாடி போடாமல் வேண்டவே வேண்டாம். கையுறையும் வேண்டாம், சுழலும் சக்கரம் அதையும் சேர்த்து இழுக்கும். முதல் செட்டுக்குக் கையால் தேய்ப்பதே மேல் என்பேன். ஒரு ஹூக்குக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

டென்ஷன் ரெஞ்சை விட்டுவிடுங்கள்

அதாவது கண்ணாடி மாதிரி ஆக்காதீர்கள். சாவித்துளையில் அது வழுக்காமல் கவ்வி நிற்க வேண்டும். பிசிறை எடுத்து, 400இல் மூலைகளை லேசாகத் தடவினால் தீர்ந்தது.

சோதனையும் பராமரிப்பும்

மறுபடி பஞ்சை இழுத்துப் பாருங்கள். ஒரு நாரும் மாட்டக் கூடாது. பிறகு பூட்டைத் தலைகீழாகத் தட்டி உள்ளிருக்கும் பழைய தூளைக் கொட்டிவிட்டு, டென்ஷன் ரெஞ்ச் இல்லாமல் பிக்கை மட்டும் கடைசிவரை விட்டு மெதுவாக வெளியே இழுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பின்கள் ஒவ்வொன்றாக இறங்குவதை எண்ண முடிகிறதா? என் பழைய பித்தளைப் பூட்டில் ஐந்து பின் என்று எனக்குத் தெரிந்ததே அன்றைக்குத்தான். அதுவரை நான்கு என்று நினைத்திருந்தேன்.

கழுவிய பிக்கைத் துடைத்து வெயிலில் பத்து நிமிஷம் வையுங்கள். ஆக்சா பிளேடு மாதிரி துருப்பிடிக்கும் எஃகு என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவிச் சுத்தமான துணியால் துடைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமெல்லாம் அது பாட்டிலிலேயே உறைந்து நிற்கும், பிக்கிலும் உறையும்.