ஊர்ப் பெயர் கிடைக்கும்வரை கடல் தாண்டாதீர்கள்: அயர்லாந்திலிருந்து அமெரிக்கா வந்த படைவீரர் மூதாதையரைத் தேடும் வழி

போன வருஷம் மகள் வீட்டுக்கு பாஸ்டன் போயிருந்தபோது, சம்பந்தியம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஐந்து முனையுள்ள வெண்கல நட்சத்திரம் ஒன்று, சாயம் போன ரிப்பனோடு. "எங்க தாத்தாவோட தாத்தா. அயர்லாந்திலிருந்து வந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டை போட்டாராம். கார்க் பக்கம் ஏதோ கிராமம்." அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் பேத்திக்கு அவரும் பாட்டனார் வழிதானே. எடுத்து வைத்துத் தேட ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆனது.

அயர்லாந்து வழிக் குடும்பத்தில் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் இப்போது நம்மில் நிறையப் பேர். பேரப்பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். அவர்களுக்காகத் தேடப் போகிறவர்களுக்கு, முதல் அடியிலிருந்து எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். நீங்கள் தேட வேண்டியது ஒரு ஊரின் பெயரை. "அயர்லாந்து" என்றோ "கவுண்ட்டி கார்க்" என்றோ தெரிந்தால் போதாது; கவுண்ட்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பிரிவு டவுன்லேண்ட். நம் குக்கிராமம் மாதிரி. நாடு முழுக்க 60,000க்கு மேல் உண்டு. அந்தப் பெயரோ, குறைந்தபட்சம் கத்தோலிக்கப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின்) பெயரோ தெரியாமல் அயர்லாந்து ஆவணங்களுக்குள் போனால், ஒரே பெயருள்ள நூறு பேருக்கு நடுவில் நிற்பீர்கள். ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதத்தில்தான் ஒளிந்திருக்கும். அதுவரை கடல் தாண்டாதீர்கள்.

படி 1: டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். புகைப்படங்களின் பின்பக்கம், ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கம், இறந்தவர் நினைவாக அச்சிட்ட ஜெப அட்டைகள், கல்லறையின் படம். அந்த வெண்கல நட்சத்திரம் கிராண்ட் ஆர்மி ஆஃப் த ரிபப்ளிக் என்ற சங்கத்தின் உறுப்பினர் பதக்கம். 1866இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் வடக்குப் படையில், அதாவது யூனியன் படையில், பணியாற்றியவர்கள் மட்டுமே சேர முடியும். ஆக, எந்தப் பக்கம் நின்று போரிட்டார் என்பது டப்பாவிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக் கதையையும் சொன்னபடியே எழுதி வையுங்கள். திருத்த வேண்டாம், சேர்க்க வேண்டாம்.

படி 2: இறப்பிலிருந்து பின்னோக்கி நடங்கள்

பிறப்பிலிருந்து தொடங்க ஆசையாக இருக்கும். கூடாது. இறப்புப் பதிவைப் பிடித்துப் பின்னால் போங்கள். மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1841 முதலே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிந்து வருகிறது. இறப்புப் பதிவில் பெரும்பாலும் தாய் தந்தை பெயரும் இருக்கும். அந்த இரண்டு பெயர்களைப் பத்திரமாகக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் அவைதான் உதவும். ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினாலே இவற்றில் பெரும்பகுதியைப் பார்க்கலாம்.

பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்து வருஷத்துக்கு ஒன்று. 1910 கணக்கெடுப்பில் போர்வீரர்களுக்கென்றே ஒரு பத்தி உண்டு, யூனியன் படைவீரர் என்றால் "யு.ஏ." என்று இரண்டெழுத்து. 1900இல் அமெரிக்கா வந்த ஆண்டைக் கேட்டிருக்கிறார்கள். 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு போயிற்று. ஆனால் அதே ஆண்டு போர்வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தனியாக எடுத்த பட்டியலில், ஆங்கில அகரவரிசைப்படி கென்டக்கியின் பாதியிலிருந்து வயோமிங்வரை உள்ள மாநிலங்கள் பிழைத்துவிட்டன. மாசச்சூசெட்ஸ் அதில் உண்டு. ரெஜிமெண்ட் (படைப்பிரிவு), கம்பெனி (அதன் உட்பிரிவு), சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும்.

எங்களுக்குக் கிடைத்தது: 28ஆவது மாசச்சூசெட்ஸ் காலாட்படை. ஐரிஷ்காரர்களைச் சேர்த்து அமைத்த ரெஜிமெண்ட். 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க்கில், மேரீஸ் ஹைட்ஸ் மேட்டின் அடியிலிருந்த கற்சுவரை நோக்கி ஐரிஷ்காரர் ரெஜிமெண்டுகள் சேர்ந்த ஐரிஷ் பிரிகேட் தொப்பியில் பச்சைத் தழையைச் செருகிக்கொண்டு ஏறிய நாளில், இந்த ரெஜிமெண்டும் அதில் இருந்தது. அந்த வரியைப் படித்ததும் கொஞ்ச நேரம் திரையை மூடி வைத்தேன்.

படி 3: அவர்தானா என்று உறுதி செய்யுங்கள்

இங்கேதான் நான் இரண்டு மாதத்தை இழந்தேன். அவர் பெயர், பேச்சுக்கு ஜான் சல்லிவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க தேசியப் பூங்கா சேவையின் படைவீரர் தரவுத்தளத்தில் பெயரைத் தட்டினேன். அதே பெயரில் அத்தனை பேர். வயது ஒத்துவந்த ஒருவரைப் பிடித்து, அவர் போன போர், பட்ட காயம் எல்லாவற்றையும் எழுதி சம்பந்தியம்மாவுக்கு அனுப்பியும் விட்டேன். அவர் வேறு குடும்பத்து மனிதர்.

தப்பைக் காட்டிக்கொடுத்தது ஓய்வூதியக் குறியீட்டு அட்டை. உள்நாட்டுப் போர் வீரர்களின் ஓய்வூதிய விண்ணப்பங்களுக்கு ஒவ்வொன்றாக அட்டை போட்டிருக்கிறார்கள், அதன் படங்கள் இணையத்தில் உண்டு. வீரர் பெயர், ரெஜிமெண்ட், விண்ணப்ப எண், சான்றிதழ் எண். கீழே அவரைச் சார்ந்து விண்ணப்பித்த மனைவியின் பெயர். மனைவி பெயர் வேறாக இருந்தது. அதனால் சொல்கிறேன்: பெயரும் வயதும் பொருந்தினால் போதாது. மனைவி, ஊர், ரெஜிமெண்ட் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் ஒருவரைக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள்.

படி 4: ஓய்வூதியக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு விதக் கோப்புகள் உண்டு. ஒன்று படைப்பணிக் கோப்பு. படிவம் 86இல் கேட்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த வருகைப் பட்டியலிலிருந்து எழுதிய அட்டைகள் அதில் இருக்கும்: முகாமில் இருந்தார், மருத்துவமனையில் இருந்தார், சம்பளம் பாக்கி. உயரம், கண் நிறம், தொழில்கூடச் சிலருக்கு உண்டு. நல்லதுதான், ஆனால் மெலிந்த கோப்பு.

மற்றது ஓய்வூதியக் கோப்பு, படிவம் 85. கட்டணம் உண்டு. ஒன்றுக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் இதையே வாங்குங்கள்.

ஏன் என்றால், ஓய்வூதியம் வேண்டுமானால் நிரூபிக்க வேண்டும். 1862 சட்டப்படி போரில் ஊனமானவருக்கும் போரால் கணவரை இழந்தவளுக்கும் பணம். 1890இல், 90 நாள் பணியாற்றி உடல் தளர்ந்தவர்களுக்கும் அதை விரித்தார்கள். நிரூபிக்க அந்தக் குடும்பங்களிடம் என்ன இருந்தது? சாமியார் எழுதிக் கொடுத்த திருமணச் சான்று, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டு, குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கம், செத்துப்போன மகன் களத்திலிருந்து எழுதிய கடிதம். அசலையே அனுப்பிவிட்டார்கள். அவை இன்றும் கோப்பில் இருக்கின்றன. 1898இல் ஓய்வூதிய அலுவலகம் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பியது: மனைவியின் கன்னிப்பெயர் என்ன, எங்கே, எப்போது, யார் முன்னிலையில் திருமணம், பிள்ளைகள் யார் யார். அந்த ஒரு தாளே ஒரு வம்சாவளி.

எங்கள் கோப்பில் என்னைக் கட்டிப்போட்டது ஒரு வாக்குமூலம். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கொடுத்தது. சிறுவயதிலிருந்தே இவரைத் தெரியும், இருவரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் என்று சொல்லி, ஊர்ப் பெயரையும் சொல்லியிருக்கிறார். கீழே கையெழுத்து இல்லை. நடுவில் ஒரு பெருக்கல் குறி. அதன் மேலும் கீழும் குமாஸ்தா "அவருடைய", "குறி" என்று எழுதி, இருபுறமும் பெயரைப் போட்டிருக்கிறார். நம்மூர்க் கைநாட்டு. எழுதத் தெரியாத அந்த மனிதர் சொன்ன ஒரு வாக்கியத்தில்தான் ஆறு தலைமுறைக்கு அப்பால் இருக்கும் என் பேத்தியின் ஊர் இருந்தது.

குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதுவார். ஒரே ஊர் மூன்று இடத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருந்தது. பதறாதீர்கள். ஐரிஷ் ஊர்ப் பெயர்களின் முன்பகுதி நம் பட்டி, பாக்கம், குளம் போலத் திரும்பத் திரும்ப வரும்: "பாலி" என்றால் குடியிருப்பு, "நாக்" என்றால் குன்று, "கில்" பெரும்பாலும் தேவாலயம், "டெரி" கருவாலித் தோப்பு. உரக்கப் படித்துப் பார்த்தாலே பாதி பிடிபட்டுவிடும்.

யார் சொன்னது என்று கேளுங்கள்

இது தனிப் படி இல்லை. எல்லாக் காகிதத்துக்கும் பொருந்தும். ஓர் உதாரணம் சொல்கிறேன். 1862 ஆகஸ்ட் 6 அன்று 95ஆவது இல்லினாய் காலாட்படையில் ஆல்பர்ட் கேஷியர் என்பவர் சேர்ந்தார். குள்ளமான உருவம், வயது 19 என்று பதிவு. மூன்று வருஷம், விக்ஸ்பர்க் முற்றுகை உட்பட, முழுப் பணியும் முடித்து 1865 ஆகஸ்டில் வெளியே வந்தார். சானமின் என்ற சிற்றூரில் கூலி வேலை, ஓய்வூதியம், தேர்தலில் வாக்கு என்று ஆணாகவே வாழ்ந்தார். 1911இல் குவின்ஸி படைவீரர் இல்லத்தில் சேர்த்தார்கள். பிற்பாடு மனநல மருத்துவமனைக்கு மாற்றியபோது விஷயம் வெளியே பரவியது. அவர் அயர்லாந்தின் லவுத் கவுண்ட்டியில், கிளோகர்ஹெட்டில் ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெண்ணாகப் பிறந்தவர். ஓய்வூதிய அலுவலகம் விசாரணை நடத்தியது. பழைய தோழர்கள் வந்து, எங்களோடு நின்று போரிட்ட கேஷியர் இவரேதான் என்று சாட்சி சொன்னார்கள். ஓய்வூதியம் நிற்கவில்லை. 1915 அக்டோபர் 10 அன்று இறந்தபோது சீருடையோடு, ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவருடைய சொத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அவரை ஜென்னி ஹாட்ஜர்ஸ் வரை பின்தொடர்ந்து போக ஒன்பது வருஷம் ஆயிற்று.

படையில் சேர்ந்த காகிதத்தை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் கிளோகர்ஹெட் கடற்கரையை யாரும் எட்டியிருக்க முடியாது. காகிதத்தில் இருப்பது அந்த நாளில் அந்த மனிதர் சொன்னது, அல்லது சொல்லத் துணிந்தது. ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும் சொன்னது யார் என்று எழுதுங்கள்.

படி 5: கோப்பில் ஊர் இல்லையென்றால்

கப்பல் பயணிகள் பட்டியலை எல்லோரும் முதலில் தேடுவார்கள். 1840களில் அயர்லாந்தில் வந்த பெரும்பஞ்ச காலத்துப் பட்டியல்களில் ஊருக்கு நேராக வெறுமனே "அயர்லாந்து" என்றுதான் இருக்கும். குடியேறிகளைப் பதிவு செய்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892இல். போர்வீரர்கள் அதற்கு வெகு முன்பே வந்தவர்கள். குடியுரிமைக் காகிதமும் அப்படித்தான், 1906க்கு முந்தியவற்றில் விக்டோரியா ராணிக்கான விசுவாசத்தைத் துறப்பதைத் தவிர அதிகம் இருக்காது. மேலும் 1862 சட்டம், கௌரவமாக விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கு முன்கூட்டி விருப்பம் தெரிவிக்கும் காகிதமே தேவையில்லை என்று ஆக்கிவிட்டது.

பாஸ்டனின் கத்தோலிக்கப் பத்திரிகையான பைலட் 1831 முதல் 1921 வரை வெளியிட்ட "காணாமற்போன நண்பர்கள்" விளம்பரங்களைப் பாருங்கள். தம்பி அண்ணனைத் தேடுகிறான், மனைவி கணவனைத் தேடுகிறாள். ஆளை அடையாளம் காட்ட வேண்டும் என்பதால் கவுண்ட்டி, பங்கு, டவுன்லேண்ட் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்டன் கல்லூரி இவற்றை இலவசத் தரவுத்தளமாக வைத்திருக்கிறது. அவசரமில்லாத ஒரு நாளில் படியுங்கள், மனதைப் பிசையும். நியூயார்க் குடும்பம் என்றால் எமிக்ரண்ட் சேவிங்ஸ் பேங்கின் பதிவேடுகள்: பணம் எடுக்க வருபவர் உண்மையான ஆள்தானா என்று சோதிக்க, பிறந்த ஊர், பெற்றோர், வந்த கப்பல் வரை கேட்டு எழுதி வைத்திருந்தார்கள்.

படி 6: இப்போது கடல் தாண்டலாம்

1922 ஜூன் 30 அன்று, அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில் சாம்பல். 1861 முதல் 1891 வரையானவற்றை அரசாங்கமே அதற்கு முன்பே அழித்திருந்தது. அந்தத் தீக்கு முந்திய கணக்கெடுப்புகளில் முழுதாக மிஞ்சியவை 1901, 1911 மட்டும். ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி தங்கைகளை அவற்றில் தேடலாம்.

நமக்கு வேண்டிய ஞானஸ்நானப் பதிவேடுகள் கோயில்களில் இருந்ததால் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம் 1880 வாக்கு வரையான கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகத் தருகிறது. பெயர்கள் லத்தீனில் இருக்கலாம்: ஜேம்ஸ் "யாக்கோபுஸ்", ஜான் "யோவான்னெஸ்". தாயின் பெயர் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும். படி 2இல் குறித்துவைத்த தாய் தந்தை பெயர்களை இங்கே பொருத்துங்கள்.

ஒரு வழக்கம் கை கொடுக்கும். ஐரிஷ்காரர்கள் பெரும்பாலும் முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் வைப்பார்கள். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அவனே பேரன் என்று சொல்கிற நமக்கு இதை விளக்கவா வேண்டும்? பாஸ்டனில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக எழுதினேன். மூத்தவன் பெயர்தான் கார்க் பதிவேட்டில் தந்தை பெயராக இருந்தது.

கடைசியாக கிரிஃபித் மதிப்பீடு. 1847 முதல் 1864 வரை, வரி போடுவதற்காக வீடு நிலம் வைத்திருந்த ஒவ்வொருவரையும் பட்டியலிட்டார்கள். அதுவும் இலவசம், வரைபடத்தோடு. பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒரு எண்ணும் சில சமயம் ஒரு சிறிய எழுத்தும் இருக்கும். எண் நிலத்துக்கு, சிறிய எழுத்து வீட்டுக்கு. வரைபடத்தில் அந்த எண்ணைத் தேடி, மெதுவாகப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள்.

நாங்கள் அதை இரவு பத்து மணிக்குச் செய்தோம். சம்பந்தியம்மா ஒரு பக்கம், பேத்தி என் மடியில். ஒரு சிற்றோடை, வளைந்து போகும் சந்து, அதன் ஓரத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டம். பேத்தி அதில் விரலை வைத்தாள். சம்பந்தியம்மா எழுந்துபோய் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து, நட்சத்திரத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார்.