கிட்னி வருத்தக்காரர் தேங்காய்ப்பால் குடிக்கலாமோ?

வவுனியா, செட்டிகுளம் பக்கமெல்லாம் கிட்னி வருத்தம் கூடத்தானே, அதால இதை ஒருக்கா வாசிச்சிட்டு வீட்டில இருக்கிற ஆக்களுக்கும் சொல்லுங்கோ. பசும்பாலுக்குப் பதிலா தேங்காய்ப்பால் நல்லதெண்டு கப் கப்பா குடிக்கிறவை இருக்கினம், ஆனா தண்ணி கலக்காத கெட்டிப்பால் ஒரு கப்பில கிட்டத்தட்ட 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு. பொட்டாசியம் குறைக்கச் சொன்ன ஆக்களுக்கு ஒரு நாளைக்கே 2000, 3000 அளவுக்குள்ளதான் விடுவினம், அப்ப யோசிச்சுப் பாருங்கோ, ரத்தத்தில அது கூடினா இதயத் துடிப்பையே குழப்பிப்போடும்.

அதுக்காக சொதியே வேண்டாம் எண்டு அம்மாவை வெறும் இடியப்பத்தோட இருத்திப்போடாதேங்கோ பாவம். முதற்பாலை மற்றாக்களின்ர கறிக்கு எடுத்திட்டு, அவவுக்கு கப்பிப்பாலில தண்ணியாச் சொதி வையுங்கோ, உருளைக்கிழங்கும் தக்காளியும் போடாம வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை காணும், உப்பு மட்டா. அதுவும் மூண்டு நாலு கரண்டிதான், டயாலிசிஸ் செய்யிற ஆள் எண்டா சொதியும் அண்டைய தண்ணிக் கணக்கிலதான் சேரும்.

கடையில பெட்டியில வாற தேங்காய்ப்பால் வாங்கினா பின்பக்கம் பொஸ்பேட் எண்டு ஏதும் போட்டிருக்கோ எண்டு பாருங்கோ, இருந்தா திருப்பி வைச்சிடுங்கோ, அப்பிடிச் சேர்க்கிற பொஸ்பரஸ் உடம்பில கெதியாச் சேரும். வெயிலுக்கு இளநீரும் அதே கதைதான், பொட்டாசியம் நல்லாக் கூட.

எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை, கிளினிக் போகேக்க கடைசி பிளட் ரிப்போட்டைக் காட்டி எவ்வளவு எடுக்கலாமெண்டு டொக்டரிட்டையே கேளுங்கோ.